ஈரம் போதுமாம்

உச்சிவெயிலில் கத்தரிச் செடிகள் இலைகளைத் தொங்கப்போட்டு நிற்கின்றன. மர நிழலில் நட்டிருக்கும் அந்த வெள்ளைக் குழாய்தான் போன வாரத்திலிருந்து தோட்டத்துக்கு எஜமான். மண்ணில் ஈரம் பார்த்து மோட்டாரை ஓட்டுவதும் நிறுத்துவதும் அதுவே. ஐந்து நாளாக மோட்டார் மூச்சு விடவில்லை. அவள் செடியடியில் விரலைக் குத்துகிறாள்; நகம்தான் வலிக்கிறது. "இங்க புழுதி பறக்குது. உங்க குழாய்க்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" கணவன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மெஷின் பொய் சொல்லாதுடி. படிச்சவன் இடம் பார்த்து நட்டிருக்கான்." "ஆமா, வேற எங்கயும் இறங்கல, இங்கதான் மண்ணு மெத்துனு இருக்குன்னு குத்திட்டுப் போனான். அதை நம்பினா நம்ம வாயில மண்ணுதான்." சொல்லிக்கொண்டே, சாப்பிட்ட கையையும் தூக்குச்சட்டியையும் கழுவி, தினமும் ஊற்றும் அதே மரத்தடியில் தண்ணீரைக் கொட்டுகிறாள். குழாயின் தலையில் பச்சை விளக்கு சிமிட்டுகிறது. அவன் கையில் போன் சிணுங்குகிறது: 'ஈரம் போதுமானது.' அவன் போனைப் பார்க்கிறான், பிறகு சொட்டும் சட்டியைப் பார்க்கிறான். மிச்சமிருந்த சொட்டையும் அவள் குழாயடியில் உதறுகிறாள். "போதுமான்னு நல்லாக் கேளுங்க. வேணும்னா இன்னொரு தடவை கை கழுவுறேன்."