வேதத்தை வெட்டியவள்

“அண்ணே, இதை இருபது துண்டா வெட்டிக் குடுப்பீங்களா?”

பசை தடவிக்கொண்டிருந்த பைண்டர் நிமிர்ந்து பார்த்தார். மேஜை மேல் அவள் வைத்தது, புத்தம் புது பைபிள்.

அவளைத் தெரியும். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். போன மாசம்தான் ஊருக்குக் குடிவந்து, அவர் போகும் சபைக்கே வர ஆரம்பித்திருந்தாள். அவள் புருஷன் மட்டும் ஒரு ஞாயிறுகூடத் தலைகாட்டியதில்லை.

“வெட்டணுமா? வேதத்தையா?”

“ஆமாண்ணே. தலகாணி மாதிரி கனக்குது. நோட்டுப் புஸ்தகம் கனத்துக்கு மெல்லிசா இருந்தாப் போதும். எங்க வீட்டுக்காரர்...”

“ஓஹோ! உங்க வீட்டுக்காரருக்கு வேதத்தைத் தூக்கறதுகூட பாரமாப் போச்சா? கிழிஞ்ச வேதத்தை ஒட்டிக் குடுக்கறவன்மா நான். என்கிட்ட வந்து வெட்டச் சொல்றியே, உனக்கே அடுக்குமா?”

“இல்லண்ணே, விஷயம் என்னன்னா...”

“ஒரு விஷயமும் வேண்டாம். எடுத்துக்கிட்டுக் கிளம்பு.”

அவள் பைபிளை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விட்டாள்.

பைண்டரால் பேசாமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டார்.

“நீங்க வேற! அவளே வெட்டிட்டாளாம். துணி வெட்டற கத்தரியும் கையுமா உட்கார்ந்திருந்ததை என் வீட்டுக்காரியே பார்த்திருக்கா” என்றார் ஒருவர்.

அதைக் கேட்டதும் பைண்டர் நேரே போதகரிடம் போனார்.

“ஐயா, இதை நீங்க கேட்டே ஆகணும்!”

“கேட்டுடுவோம்” என்றார் போதகர். “நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வாங்க. ரெண்டு பேருமாப் போய்க் கேப்போம்.”

மறுநாள் போதகர் அவரை அழைத்துப் போனது அவள் வீட்டுக்கு இல்லை. ஆஸ்பத்திரிக்கு. மாடியில், டயாலிசிஸ் வார்டுக்கு.

பத்துக் கட்டில். கட்டிலுக்கொன்றாகப் பத்து மெஷின். ஒவ்வொருவரும் ஒரு கையை ஆடாமல் அசையாமல் நீட்டி வைத்திருந்தார்கள். அதில் ஊசியும் குழாயும். இன்னொரு கையில்...

மெல்லிசாக ஒரு புத்தகம். சீருடைத் துணியில் மிச்சம் விழுந்த நீலத் துண்டுதான் அட்டை. மெஷின் தையல்.

“யோவ் மூணாம் பெட்டு! சீக்கிரம் முடிய்யா. எனக்கு இருப்புக் கொள்ளலை!” என்று கத்தினார் ஒரு லாரி டிரைவர்.

“இப்பத்தான்யா பிரிச்சேன். வரிசைன்னா வரிசைதான்.”

“சண்டை போட்டா ரெண்டு பேரையும் கடைசிக்குத் தள்ளிடுவேன்” என்றார் எதிர்க் கட்டிலில் இருந்த கணக்கு டீச்சர். யாருக்கு அடுத்து எந்தத் துண்டு என்ற பட்டியல் அவர் மடியில் இருந்தது.

நர்ஸ் சிரித்தாள். “முன்னெல்லாம் ‘எப்பம்மா கழட்டுவே’ன்னு என் உயிரை வாங்குவாங்க ஐயா. இப்ப கழட்டப் போனா ‘இரும்மா, ரெண்டு பக்கம் பாக்கி இருக்கு’ங்கறாங்க.”

ஓரத்துக் கட்டிலில் இருந்தவர் முகமெல்லாம் பல்லாக வரவேற்றார். அவள் புருஷன்.

“வாங்கண்ணே! ஐயாகூட பைண்டர் அண்ணன் வர்றதா வீட்ல சொன்னா. மன்னிச்சுக்கங்க, வேதத்தை வெட்டும்படி ஆயிடுச்சு. வாரத்துல மூணு நாள், நாலு நாலு மணி நேரம் இந்தக் கையை அசைக்க முடியாது. ஒத்தைக் கையில அவ்ளோ பெரிய புஸ்தகம் நிக்க மாட்டேங்குது. ரெண்டு தடவை மூக்கு மேலயே விழுந்துடுச்சு!”

“மத்தவங்க கையில...?”

“நான் படிக்கறது ஒரு துண்டுதானே? மிச்சம் பத்தொம்பது சும்மாத்தானே கிடக்குன்னு பக்கத்து பெட்டுக்கு ஒண்ணு குடுத்தேன். அப்புறம் எல்லாருமே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.”

பைண்டர் கட்டிலோரம் நெருங்கி வந்தார். “தம்பி... விஷயம் தெரியாம நான் ஊரெல்லாம் பேசிட்டேன்.”

“அட, விடுங்கண்ணே!”

அதற்குள் லாரி டிரைவர் குறுக்கே புகுந்தார். “அண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க. அந்தக் கழுதை பேசுச்சே, அதுக்கு அந்த ஆள் என்ன பதில் சொன்னான்? என் துண்டு சரியா அந்த இடத்துல முடிஞ்சுபோச்சு. மூணாம் பெட்டுக்காரர்கிட்ட கேட்டாலும் சொல்ல மாட்டேங்கறாரு. ரெண்டு நாளா மண்டை வெடிக்குது!”

பைண்டர் முகம் சிவந்தது.

“என்னப்பா கிண்டலா? கழுதை பேசற கதையெல்லாம் சின்னப் பசங்க புஸ்தகத்துல இருக்கும். வேதத்துல எங்கய்யா கழுதை பேசுது?”

பத்துத் தலையும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பின. 

போதகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

லாரி டிரைவர் கையிலிருந்த துண்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி நீட்டினார். பைண்டர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். நின்றபடியே படித்தார். மறுபடியும் படித்தார்.

கழுதை பேசியிருந்தது.

அவர் உதட்டோரம் மெல்லச் சிரிப்பு அரும்பியது. ஆவலோடு பக்கத்தைப் புரட்டினார். அடுத்து வெறும் நீலத் துணிதான் இருந்தது.

“அடடா!” என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. “நல்ல இடத்துல வெட்டினா பாரு!”

மொத்த வார்டும் சிரித்தது. ஒரு நாற்காலியை இழுத்து டீச்சர் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் பைண்டர்.

“டீச்சர், மூணாம் பெட்டுக்கு அப்புறம் யாரு?”

“லாரி டிரைவர்.”

“அவருக்கு அப்புறம் என்னையும் எழுதிக்கங்க” என்றார் பைண்டர். “இத்தனை வருஷமா ஆயிரம் வேதத்துக்கு அட்டைதான் போட்டிருக்கேன். ஒண்ணைக்கூடப் பிரிச்சுப் படிச்சதில்லை.”