புகைப் பெட்டி

சிவப்பு டேப் சுற்றிய கேபிள் என்னுடையது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

தெரியக்கூடாது என்பதற்காகத்தான் டேப். எது யார் தேர்ந்தெடுத்தது என்று சோதிப்பவருக்குத் தெரியாதபடி உறையில் இருக்கும் அச்செழுத்தை மறைத்துக் கொடுப்பது எங்கள் லேபின் தலைவரான சாருடைய வழக்கம்.

ஆனால் வெட்டிய முனையில் செம்பு தெரியும். அந்த நிறத்தை நான் வாரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். முறுக்கு, பருமன், மின்தடை எல்லாவற்றையும் அளந்து அளந்து எடுத்த கேபிள்.

அப்படியானால் நீல டேப் அந்தப் புதுப் பெண்ணுடையது. போன மழைக்காலத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தாள். வந்த வாரத்திலிருந்தே சார் அவளிடம், "கண்ணு, சாப்பிட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்கிறார்.

என்னிடம் அவர் கேட்பது ஒன்றுதான். "ரிப்போர்ட் எங்க?"

சுரங்க ரயில் பாதைக்கு இரண்டில் ஒரு கேபிள்தான் போகும், தீப்பிடித்தால் குறைவாகப் புகை விடுவது எதுவோ அது.

முதலில் நீலத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து எரித்தேன். பெட்டியின் ஒரு பக்கம் விளக்கு. மறுபக்கம், புகையைத் தாண்டி எவ்வளவு வெளிச்சம் வந்து சேர்கிறது என்று காட்டும் முள்.

கறுப்பாகக் கக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளையாக, மெல்லிசாக ஏதோ வந்தது. முள் லேசாக அசைந்து நின்றுவிட்டது.

பெட்டியைத் துடைத்துச் சிவப்பை வைத்தேன்.

உறை உருகத் தொடங்கியதுமே கரும்புகை. முள் விழுந்துகொண்டே இருந்தது.

புகையை வெளியே இழுக்கும் ஃபேனின் சுவிட்ச் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு தட்டு தட்டினால் முள் ஏறிவிடும். யாருக்கும் தெரியாது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சார் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவளிடம் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்.

சுவிட்சின் மேல் விரலை வைத்தேன்.

பெட்டிக்குள் விளக்கு இருந்த இடமே தெரியவில்லை. ஒரு ரயில் நிறைய ஜனங்கள் அதற்குள் வழி தேடித் தடவுவதுபோல் தோன்றியது.

விரலை எடுத்துவிட்டேன்.

"சிவப்பு தேறல, சார்."

அவர் வந்து டேப்பைப் பிரித்தார்.

"செம்பையே பாத்துட்டு உக்காந்திருந்தியா? சுரங்கத்துல புகைக்குள்ள மாட்டிக்கிட்டவன் அதை எடுத்துட்டுப் போய் அடகு வைப்பானா?"

லேபே சிரித்தது. அவளும் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அதுதான் இன்னும் எரிந்தது.

"கலக்கிட்ட கண்ணு" என்று சார் அவள் தலையில் செல்லமாகத் தட்டினார்.

என் உச்சந்தலை கூசியது.

வேலை முடிந்ததும், அலுவலகத்தார் யாரும் வராத அடுத்த தெரு முனையில் எப்போதும்போல் போய் நின்றேன். சாருடைய கார் வந்தது. முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன்.

"உங்கம்மா பால் வாங்கிட்டு வரச் சொன்னா" என்றார்.

சிக்னலில் கார் நின்றபோது, ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். "அந்தப் பொண்ணு கெட்டிக்காரி, இல்ல?"

அப்பாவை 'சார்' என்று அலுவலகத்துக்குள் மட்டும்தான் கூப்பிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு.

"ஆமா, சார்" என்றேன்.