வெடிக்கிற மோட்டார்

டப்பென்று ஒரு வெடி. தேயிலைக் கொழுந்துக் கூடையோடு லயத்து வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியும் குனியவில்லை.

“என்னண்ணே, இன்னைக்கும் உங்க குதிரை குசு விட்டுடுச்சா?” என்றாள் செல்லம்.

“போ லா, வேலையைப் பாத்துக்கிட்டு,” என்றான் கிரகரி. அவன் தலை மோட்டார் சைக்கிளின் என்ஜினோடு ஒட்டியிருந்தது.

மலாயாவில், ‘காட்டுக்காரர்கள்’ என்று சொல்லப்பட்ட கம்யூனிஸ்டுகளோடு சர்க்கார் சண்டை போட்ட ஐம்பத்தொன்றாம் வருஷம் அது. வெடி கேட்டால் குப்புற விழுவதுதான் கேமரன் மலைத் தோட்டங்களில் பழக்கம். இந்த ஒரு லயத்தில் மட்டும் அது விட்டுப்போய் மூன்று வாரம் ஆகிறது. கிரகரியின் மோட்டார்தான் வெடிக்கிறதென்று கைக்குழந்தைக்கும் தெரியும்.

ஜப்பான்காரன் வந்தபோது ஓடிப்போன துரை, ஃபேக்டரிக் கொட்டகையில் போட்டுவிட்டுப் போன இங்கிலீஷ் மோட்டார். ஃபேக்டரி மெஷின்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டரான கிரகரி அதைக் கேட்டு வாங்கி, வீட்டு வாசலில் வைத்து நாலு வருஷம் ராவினான். துருவெல்லாம் போய், ஓடவும் ஆரம்பித்துவிட்டது. ஓட ஆரம்பித்த இரண்டு மூன்று நிமிஷத்தில் வெடிக்கிறது. அது ஒன்றுதான் பாக்கி.

ஒவ்வொரு வெடிக்கும் அவனே முள்வேலி வாசலுக்கு ஓடுவான். அங்கேதான் போலீஸ் காவல். “நம்ம மோட்டாருதாங்க, சுட்டுடாதீங்க!” காட்டுக்காரர்களுக்கு ஒரு பொட்டலம் உப்பு கொடுத்தானென்று கோலா தெர்லா பக்கம் ஒருவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டுபோனது, அவன் இன்னும் திரும்பவில்லை. சும்மா இருக்கிற காலமா?

முதல் வாரம் போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். போன திங்கட்கிழமை சார்ஜன் ஷஹாபுதீன் சிரிக்கவில்லை.

“எம் பசங்க ஒவ்வொரு தடவையும் குழிக்குள்ள குதிக்கிறானுங்க. சனிக்கிழமை நாலு மணிக்கு வருவேன். சத்தம் நிக்கலேன்னா மோட்டார் என் லோரியில ஏறிடும்.”

இன்று சனிக்கிழமை. மணி மூன்று.

பிளக்கைக் கழற்றினான். பிஸ்கட் நிறம், அப்படித்தான் இருக்க வேண்டும். கார்புரேட்டர் சுத்தம். வால்வு சரி. கொழுந்து உருட்டும் மெஷின் பக்கத்தில் இருபது வருஷம் நின்றதில் வலது காது பாதி அவிந்துவிட்டது. இடது காதை என்ஜினிடம் வைத்துக் கேட்டான். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

“ஏங்க, மழை நாள்ல வீட்டுக்குள்ள வச்சு ஓட்டுனீங்களே, அப்பல்லாம் வெடிக்கலையே?” என்றாள் அவன் மனைவி அற்புதம்மாள்.

“ஈரக் காத்துல பெட்ரோல் கலவை தானா சரியாயிடும். காஞ்ச காத்துலதான் வெடிக்கும். உனக்கு அதெல்லாம் புரியாது.”

“எனக்கு எதுக்குப் புரியணும்? புகையில எஞ் சேலையெல்லாம் நாறுனதுதான் மிச்சம். லோரியில ஏத்தட்டும், மாதாவுக்கு மெழுகுவத்தி கொளுத்துறேன்.”

மூன்றரைக்கு அகப்பட்டது. புகைக்குழாய் என்ஜினோடு சேருமிடத்தில் மயிரிழை இடைவெளி. அதன் வழியாகக் காற்று புகுந்தால் வெடிக்கத்தான் செய்யும். கிரகரி செப்புக் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, வளையமாக அடித்து அந்த இடத்தில் வைத்து முடுக்கினான்.

நாலு மணிக்கு லோரி வந்து நின்றது. சார்ஜனோடு இரண்டு போலீஸ்காரர்கள். பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர் மகன் ஷஹாபுதீன். அவனுக்கும் மோட்டார் பைத்தியம் உண்டு. தொட்டியைத் தடவிப் பார்த்தான்.

“நல்லாத்தான் செஞ்சிருக்கே. உதை.”

ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. சார்ஜன் பின்னால் குந்தி, சைலன்சர் வாய்க்கு நேரே உள்ளங்கையை வைத்தான். புகை சீராக வந்து கையில் மோதியது.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். லயத்துப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கிரகரியின் உதடுகள் எதையோ முணுமுணுத்தன. மூன்றாவது நிமிஷம்.

டப்.

கிரகரி கண்ணை மூடிக்கொண்டான். நாலு வருஷ உழைப்பும் லோரியில் ஏறினது போலத்தான்.

சார்ஜன் கையை எடுக்கவில்லை. அந்த வெடியில் அவன் கையில் புகை ஒரு இழைகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

“நிறுத்து,” என்றான் மெதுவாக.

மோட்டார் நின்றது. அந்த அமைதியில், தேயிலைக்கு மேலே இருக்கும் காட்டுப் பள்ளத்திலிருந்து இன்னொன்று கேட்டது. டப். மலை அதை உருட்டிக்கொண்டு போனது.

போலீஸ்காரர்கள் தரையில் விழுந்து துப்பாக்கியை மேட்டுப் பக்கம் திருப்பினார்கள். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

கிரகரி மட்டும் நின்றுகொண்டிருந்தான். அவன் முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தீங்களா சார்ஜன்! நம்ம மோட்டாரு இல்ல! அதுல ஒரு கோளாறும் இல்ல!”

சார்ஜன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

“நீ மோட்டாரை உதைச்சா, அந்தச் சத்தத்துல மேல காட்டுக்காரன் சுட்டுப் பழகுறான். மூணு வாரமா ஒவ்வொரு வெடிக்கும் ஓடி வந்து, ‘என் மோட்டாருதான்’னு எங்ககிட்ட சொன்னது யாரு?”

சார்ஜன் இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தான். கிரகரியின் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை.

“கையை நீட்டு, கிரகரி.”