மூக்கு முக்கியம்

"மூக்கை யாரு சின்னதாக்கினது?"

முதலாளி மேஜையைத் தட்டிய தட்டில் டீ கிளாஸ் துள்ளியது. ஓவியர் திருதிருவென்று முதலாளியின் மகளைப் பார்த்தார்.

"நான்தான்ப்பா சொன்னேன். கன்னத்து மருவையும் எடுக்கச் சொன்னேன். கொஞ்சம் பார்க்கிற மாதிரி இருக்கட்டுமேன்னு..."

"பார்க்கிற மாதிரி இருந்தா கெட்டுது! பழைய மூக்கையே போடுங்க. மருவும் இருக்கணும். என் மூஞ்சி போர்வை முழுக்க வரணும், ஓரத்துல ஒதுங்கி நிக்கக் கூடாது."

மகளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அப்பாவுக்குப் போர்வைத் தொழிற்சாலை. குளிர்காலம் வந்தால், விற்ற பணத்தில் ஒரு பங்கைப் போட்டு, தெருவோரம் படுப்பவர்களுக்கு இலவசப் போர்வை. நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் இலவசப் போர்வை ஒவ்வொன்றிலும் அப்பா படமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பார். ஊரில் அவருக்கு 'மூஞ்சி முதலாளி' என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்த மூக்கு அப்படியே அவளுக்கும் வந்து வாய்த்திருந்ததால் கேலியில் பாதி அவள் பங்குக்கும் வந்தது.

"அவ்வளவு ஆசைன்னா கடையில விக்கிற போர்வையில போட்டுக்க வேண்டியதுதானே?"

"போட்டா எப்படிம்மா விக்கும்?"

சொல்லிவிட்டு அப்பா வெளியூர் ஆர்டர் பார்க்கக் கிளம்பினார். வாசலிலிருந்து குரல் மட்டும் திரும்பி வந்தது. "மூக்கு முக்கியம்!"

கார் தெருமுனை திரும்பியதும் மகள் ஓவியரிடம் சொன்னாள்.

"மூஞ்சியே வேண்டாம். பூப் போடுங்க."

"முதலாளி என் தோலை உரிச்சிடுவாரும்மா."

"நான் பார்த்துக்கறேன். வந்து பார்த்தா அவரே மெச்சுவார்."

நீலத்தில் வெள்ளைப் பூ. கடையில் விற்கிற போர்வையே அதனிடம் பிச்சை வாங்க வேண்டும், அத்தனை அழகு. அவளே வேனில் போய்க் கொடுத்தாள். பஸ் நிலையச் சுவரோரம் படுக்கும் பேப்பர் பொறுக்குகிற அம்மா, இருமிக்கொண்டே பூக்களைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இவ்வளவு அழகானது எனக்காம்மா?"

மகளுக்கு மனசு நிறைந்துவிட்டது. இதுவல்லவா தர்மம்! மூக்கும் இல்லை, மருவும் இல்லை.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. காரில் போனவள் அந்த அம்மாவைப் பார்த்து நிறுத்தினாள். சிமெண்டுச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"போர்வை எங்கம்மா?"

"துவைச்சுக் காயப் போட்டிருக்கேன்மா."

"இந்த மழையிலயா?"

அந்த அம்மா சாக்கை இழுத்து மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எதிர்ச் சந்தில் ஒரு நடைபாதைக் கடை. தார்ப்பாய்க்கு அடியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன, நீலத்தில் வெள்ளைப் பூப் போட்ட போர்வைகள்.

"வாங்கம்மா, புதுச் சரக்கு. பாதி விலைதான்," என்றார் கடைக்காரர்.

"இதெல்லாம் எங்கேருந்து வருது?"

"யாரோ தர்மம் பண்றாங்க. பெத்தவங்க போர்த்தியிருக்கறதை உருவிட்டு வந்து பசங்க குடிக்கறதுக்கு வித்துட்டுப் போறாங்க. போன வருஷம் நம்ம பொழப்புல மண்ணு! எவனோ ஒரு கிறுக்கன் மூஞ்சியை அச்சடிச்சுக் குடுத்துட்டான். அந்த மூக்கைப் பார்த்தா ஓசியில குடுத்தாலும் ஒருத்தரும் வாங்க மாட்டேங்கறாங்க. இந்த வருஷம் எந்தப் புண்ணியவானோ பூப் போட்டு நம்ம வயித்துல பாலை வார்த்தான்."

அந்தப் புண்ணியவான் சந்திலேயே நின்று அப்பாவுக்குப் போன் போட்டாள். பூப் போட்டதையும் கடையில் பார்த்ததையும் சொன்னாள்.

"ஏம்ப்பா முன்னாடியே சொல்லலை?"

அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எப்படிம்மா சொல்றது? 'உங்க பிள்ளை திருடிடுவான்'னு அந்த அம்மாங்க காதுல விழுந்தா தாங்குவாங்களா? அதுக்கு என்னைத் தற்பெருமை பிடிச்சவன்னு நாலு பேர் சொல்லிட்டுப் போகட்டும். எனக்கென்ன, மூக்கா தேஞ்சிடும்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த போனை ஓவியருக்குப் போட்டாள்.

"அப்பாவோட பழைய படம் இருக்கா? நாளைக்கே போர்வை வேணும்."

"இருக்கும்மா. மூக்கு?"

"இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க. அப்படியே பக்கத்துல என் மூஞ்சியையும் போட்டுடுங்க. ரெண்டு மூக்கு இருந்தா ரொம்பப் பாதுகாப்பு!"