லோரி மறைவில்

"ஹெல்மெட்டக் கழட்டாத. யாராச்சும் மூஞ்சிய பாத்துடப் போறாங்க" என்றான் முருகையா.

பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்ற லோரியின் மறைவில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். பின்னால் உட்கார்ந்திருந்த மகள் துளசி ஹெல்மெட்டோடு இறங்கி நின்றாள்.

பள்ளிப் படிப்பை முடிக்கும் எஸ்பிஎம் பரீட்சையில் அவளுக்கு மலாய்ப் பாடம் போய்விட்டது. அது போனால் மற்றதெல்லாம் பாஸானாலும் சர்ட்டிபிகேட் கிடையாது. மறுபடி எழுதுகிறாள் என்று சொல்ல நாக்கு வராமல், ஈஜோக் தோட்டத்து லயம் முழுக்க "காலேஜு போறா" என்று சொல்லி வைத்திருந்தான். கோலசிலாங்கூரில் மாலை வகுப்புக்கு ஆறு மாசமாய் அவள்தான் தனியாகப் பஸ் ஏறிப் போய் வந்தாள். அவன் ஒரு நாளும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

நல்லவேளை, பரீட்சை தோட்டத்தை விட்டுத் தள்ளி, இங்கே சுங்கை புரோங்கில். தெரிந்தவர் யார் வரப் போகிறார்கள்?

நினைத்து முடிக்கவில்லை. எதிரே டெக்சியிலிருந்து இறங்கினாள் தனேஸ்வரி. அவனை வேலை வாங்கும் மண்டோர் காளியண்ணனின் சம்சாரம். வெயில் ஏறாத காலையிலேயே கறுப்புக் கண்ணாடி வேறு.

முருகையா மோட்டார் சைக்கிளை லோரியோடு இன்னும் ஒட்டித் தள்ளினான். இவள் வாயில் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் லயமே சிரிக்கும். போன வெள்ளிக்கிழமை கோயிலில் அத்தனை பேர் முன்னால், "துளசி நல்லா படிக்குது" என்றவள். எங்கே போய்ப் பார்த்தாளாம்? குத்திக் காட்டத்தானே!

"குனி, குனி! மண்டோர் வீட்டம்மா."

"அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்கப்பா."

"ஆமா, நீ ரொம்பக் கண்ட! ஒழுங்கா பாஸாகியிருந்தா நான் ஏன் இப்படித் திருடன் மாதிரி ஒளியணும்?"

ஹெல்மெட் கண்ணாடிக்குள் துளசியின் கண் நிறைந்தது. சொன்ன வாய்க்குச் சூடு வைக்கலாம் போலிருந்தது அவனுக்கு.

அதற்குள் தனேஸ்வரி பார்த்துவிட்டாள். லோரியைச் சுற்றிக்கொண்டு நேரே வந்தாள்.

"வாங்கம்மா... சும்மா, இந்தப் பக்கம் ஒரு வேலையா..." முருகையா தரையைப் பார்த்துக்கொண்டு முனகினான்.

அவள் அவன் பக்கமே திரும்பவில்லை. யாராவது கவனிக்கிறார்களா என்று அப்படியும் இப்படியும் பார்த்தாள். கைப்பையைக் குடைந்தபடி ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"துளசி, இன்னொரு பேனா இருக்காம்மா? கிளாஸ்ல குடுத்தியே, அது எழுத மாட்டேங்குது."