சந்தேகம் போதும்

பரமசிவன் மறுபடியும் கதவைத் தட்டினார். வெள்ளைக்காரர்களின் யுத்தச் சட்டத்தில் ஆட்களை அடைப்பது தென்காசிக்குப் புதிதல்ல. அவர் அடைபடுவது இதுதான் முதல் தடவை.

“நான் என்ன குத்தம் செஞ்சேன்?”

“குத்தமே செய்ய வேண்டாம். செஞ்சிருவியளோன்னு சந்தேகம் வந்தாலே அடைக்கலாம்,” என்று வெளியிலிருந்து பதில் வந்தது.

“விசாரணை?”

“கெடயாது.”

“எப்ப விடுவாக?”

“அதச் சொல்லணும்னு சட்டம் இல்ல. காப்பி வேணும்னா ஜன்னல் வழியாத் தாரேன்.”

கூடத்தில் குழந்தை வீரிட்டு அழுது அடங்கினாள். கொஞ்ச நேரத்தில் செங்கோட்டை ரயில் ஊதியது. உடனே தாழ்ப்பாள் திறந்தது.

“ஏட்டி தங்கபுஷ்பம், புருஷன், அதுவும் சப்-இன்ஸ்பெக்டர்! என்னையா அடச்சு வைக்கே?”

“நேத்து நீங்கதான சட்டம் சொல்லித் தந்திய? பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேணும். மடியில பிள்ள இருக்கப்பவே எங்க அண்ணனப் பிடிச்சிருவியள்லா! இப்ப அண்ணன் ரயிலேறியாச்சு. செங்கோட்டை திருவாங்கூர்ச் சீமை. இனி உங்க உத்தரவு அங்கன செல்லாது.”

பரமசிவன் பையிலிருந்த மச்சினனின் கைது உத்தரவை எடுத்துப் பார்த்தார். மடித்துத் திரும்ப வைத்துக்கொண்டார்.

“சாப்பிட்டாவது போனானா?”