ஸ்பிட்ஃபயரும் இரண்டு காதுகளும்

"கண்ணை இறுக்க மூடிக்கோ, வில்ஃப்ரெட். ஓரக்கண்ணால பார்த்தா ஆட்டம் செல்லாது," என்றார் மனைவி எட்னா.

மூன்று மணிக்கு, ஊரே கூடி நிற்கும் போர் நினைவுத் தூணுக்கு மேலே உலகப் போர்க்கால ஸ்பிட்ஃபயர் விமானம் பறக்கும். கண்ணை மூடிக்கொண்டே அதன் சத்தத்தை வில்ஃப்ரெட் கண்டுபிடித்துவிட்டால் காது மெஷின் வேண்டாம். தவறினால் திங்கட்கிழமை காது டாக்டர். இதுதான் பந்தயம்.

"லிங்கன்ஷயர்லயே இந்தக் காதுக்கு ஈடு கிடையாது. எறும்பு தும்மினாக்கூடக் கேட்கும்!"

"நான் கூப்பிட்டா மட்டும் கேட்காது."

தூரத்தில் ஓர் உறுமல் கிளம்பியது. தேவாலயத்துக் கண்ணாடிகள் அதிர்ந்தன. வாத்துகள் குளத்தையே காலி செய்தன.

"ஸ்பிட்ஃபயர்! எஞ்சினோட பன்னிரண்டு சிலிண்டரும் பாடுது!" வில்ஃப்ரெட் விறைப்பாக சல்யூட் அடித்தார்.

சத்தம் சட்டென்று நின்றது.

கண்ணைத் திறந்தார். எதிரே புகை கக்கியபடி ஒரு குட்டிக் கார். விமானப்படைச் சீருடையில் ஒரு பெண் இறங்கிக் கூட்டத்தைப் பார்த்தார்.

"மன்னிக்கணும். காத்து பலமா இருக்கு, இன்னிக்கு ஸ்பிட்ஃபயர் பறக்காது. நான்தான் விமானி. நேர்ல சொல்லிடலாம்னு வந்தேன். வழியில கார் சைலன்சர் கழண்டு விழுந்துடுச்சு."

எட்னா கைப்பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்தார்.

"அவசரப்படாதே," என்றார் வில்ஃப்ரெட், சல்யூட் அடித்த கையை இறக்காமலே. "ஓட்டி வந்தது ஸ்பிட்ஃபயர் ஆளுன்னாவது சரியாக் கண்டுபிடிச்சேன் இல்ல?"